லூசியா: ஒரு லத்தீன் பெயரின் வேரையும் கிளைகளையும் தேடும் முறை

பெயரின் வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் அர்த்தத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஐரோப்பியப் பெயர்களில் அது ஆளைத் திசைதிருப்பிவிடும். ‘ஒளி’ என்று பொருள் சொல்லப்படும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றோடொன்று உறவு இருக்காது. எந்த ஒலி எப்படி மாறியது, பெயர் எந்த வழியாக வந்தது என்ற இரண்டும் பொருந்தினால் மட்டுமே ஒன்றை இன்னொன்றின் வடிவம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எழுதிக்கொள்ளுங்கள். ரோமானிய ஆண்களிடம் மிகப் பரவலாக இருந்த முதற்பெயர்களில் ஒன்று லூசியஸ். அதன் பெண்பால் லூசியா. ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்து, விடியலில் பிறந்தவனுக்கு வைத்த பெயர் என்று விளக்கியவர் ரோமானிய அறிஞர் வார்ரோ. கல்வெட்டுகளில் கவனம் தேவை. முதற்பெயரின் இடத்தில் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து வந்தால் அது லூசியஸின் சுருக்கம். ஒரு பெண்ணின் பெயரை அடுத்து ‘எல், எஃப்’ என்று இருந்தால் ‘லூசியஸின் மகள்’ என்று பொருள். அவள் பெயர் லூசியா என்று அல்ல.

இரண்டாவதாக, நடுவிலுள்ள ‘சி’ (c) என்ற லத்தீன் எழுத்தைப் பாருங்கள். கிளைகள் பிரிவது இங்கேதான். செவ்வியல் லத்தீனில் அதற்கு ‘க்’ ஒலி மட்டுமே: லூக்கியா. (தமிழில் ஒற்றை ‘க’ எழுதினால் மென்மையாக ஒலித்துவிடும், இரட்டித்தே எழுதுங்கள்.) கிரேக்கமும் அந்த ஒலியைக் காத்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 13:1-ல் ‘சிரேனே ஊரானாகிய லூகி’ என்று வருபவரின் பெயர் இதே லூசியஸ்தான். கிரேக்க மூலத்தின் ககரம் அதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் இகரத்துக்கு முன் வந்த அந்த ‘க்’ இத்தாலியில் ‘ச்ச்’ ஆகி லுச்சீயா என்றானது. ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் அது ‘ட்ஸ்’. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘ஸ்’ ஆகி, கடைசி அகரமும் போய் லூசி என்று நின்றது. போலந்துக்காரர்களிடம் முதலெழுத்தே மாறி, ‘வூட்ஸ்யா’ என்கிறார்கள்.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அகராதிகளில் பலர் கவனிக்காமல் விடும் தடயம் இது. லத்தீனில் முதல் அசையிலும், கிரேக்கத்திலும் இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் இரண்டாவது அசையிலும் விழுகிறது. போர்ச்சுகீசியத்தில் இரண்டும் உண்டு: லத்தீனை ஒட்டிய லூசியா, மக்கள் வாயில் உருண்டு வந்த லுஸீயா. ஒரே மொழியில் இரண்டு வடிவம் கண்டால் ஒன்று பிழை என்று நினைக்க வேண்டாம்.

பிறகு விகுதி. லத்தீனில் ‘இல்லா’ சேர்ந்தால் சிறுமைப் பொருள், நம் ‘குட்டி’ போல. லூசில்லா அப்படி வந்தது. பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் மகள் ஒருத்திக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு லூசீல், ஸ்பானிய லுசீலா இதன் வழிவந்தவை. 1945-ல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற கேப்ரியேலா மிஸ்ட்ராலின் இயற்பெயர் லுசீலா.

இப்போது களையெடுப்பு. லுக்ரீசியா வேறொரு ரோமானியக் குலப்பெயர். ஒலி நெருங்கினாலும் உறவு நிறுவப்படவில்லை. ஸ்பானிய ‘லுஸ்’ அதே வேர்ச்சொல்தான், ஆனால் ‘ஒளியின் அன்னை’ என்ற மரியாளின் பட்டத்திலிருந்து வந்தது. எனவே உறவு உண்டு, வடிவம் அல்ல. இத்தாலிய ‘லூகா’ ஆண்பெயர், லூக்காவிலிருந்து வந்தது. அதே எழுத்துக்களில் ஹங்கேரியில் எழுதினால் ‘லுட்சா’ என்று படிக்க வேண்டும். அது பெண்பெயர், லூசியாவேதான். நம் ஊர் லூர்துமேரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பிரான்சிலுள்ள லூர்து நகரின் பெயர்.

பெயர் பரவிய வழிக்குத் திருநாளைப் பாருங்கள். சிசிலித் தீவின் சிரகூசாவில் 304-ல் உயிர்நீத்ததாகக் கொள்ளப்படும் புனித லூசியாவின் நாள் டிசம்பர் 13. அங்கே நிலத்தடிக் கல்லறையில் 1894-ல் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று ‘என் தலைவி லூக்கியாவின்’ திருநாளைச் சொல்கிறது. அந்நாள் ஆண்டின் மிக நீண்ட இரவு என்ற வழக்கை அவர் காலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜூலியன் நாட்காட்டி ஏறத்தாழ 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகியதால், 14-ஆம் நூற்றாண்டளவில்தான் அந்த இரவு டிசம்பர் 13-க்கு வந்தது. சுவீடனின் மெழுகுவத்திக் கிரீடமும் ஹங்கேரியில் அன்று தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள்வரை செய்யும் ‘லுட்சா நாற்காலி’யும் இந்த நாளைச் சுற்றி வளர்ந்தவை. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயமும் இதே புனிதையின் பெயரில்தான் இருக்கிறது.

கடைசியாக, லத்தீனில் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு கையில் கிடைத்தால் வேற்றுமை உருபைக் கழித்துவிட்டுப் படியுங்கள். ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் பெயர் இரண்டாம் வேற்றுமையில் ‘லூசியாம்’ என்று நிற்கும். ‘இன்னாரின் மகள்’ என்ற இடத்தில் தாயின் பெயர் ‘லூசியே’ என்று முடியும். ஞானத்தாய் எழுவாயாக வந்தால் வெறும் ‘லூசியா’. மூன்றும் ஒரே பெயர். குறிப்பாக ‘லூசியாம்’ என்பதை லூசியம்மாள் என்பதன் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டால், குழந்தையின் பதிவை வேறொரு மூத்த பெண்ணின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.