இன்ஜினியரிங்ல இருந்து சோஷியல் மீடியா பக்கம் தாவுறதுக்கு முன்னாடி

மெக்கானிக்கல் செகண்ட் இயர்ல உக்காந்துட்டு மனசு பூரா ரீல்ஸ் எடிட்டிங்லயே இருக்கா, அவசரப்பட்டு டிசி வாங்கிடாதீங்க. விஸ்காம்க்கு (விஷுவல் கம்யூனிகேஷன், மீடியா டிகிரி) மாறினா பெரும்பாலும் மறுபடி ஃபர்ஸ்ட் இயர்ல இருந்துதான், கட்டுன ஃபீஸும் போச்சு.

மொதல்ல ஒரு மூணு மாசம் டெஸ்ட் பண்ணுங்க. ஊர்ல இருக்குற பேக்கரியோ ஜிம்மோ, அவங்க இன்ஸ்டா பேஜ நான் பாத்துக்குறேன்னு கேளுங்க, வாரம் மூணு போஸ்ட், மெசேஜுக்கு பதில், மாசக் கடைசில ரீச் எவ்ளோ (எத்தன பேர் போஸ்ட பாத்தாங்க), கடைக்கு எத்தன பேர் விசாரிச்சு வந்தாங்கன்னு ஒரு ஷீட்ல எழுதி ஓனர்கிட்ட காட்டணும், ஏன்னா நெஜமான வேலையே இந்த ஷீட்தான், ரீல்ஸ் ஆடுறது இல்ல. இதுவே போரடிச்சா டிகிரி மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

புடிச்சிருந்தா ரெண்டு வழி. 2022ல இருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க விடுது, அதனால காலேஜ விடாமலே இன்னொன்ன தொலைதூரக் கல்வில போடலாம், யுஜிசி அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லன்னா பிஇய முடிச்சுட்டு ஐஐஎம்சி (மத்திய அரசோட மீடியா படிப்பு நிறுவனம்) மாதிரி இடத்துல பிஜி டிப்ளமோ, எந்த டிகிரியா இருந்தாலும் அப்ளை பண்ணலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

யூடியூப் காச நம்பி மட்டும் எறங்காதீங்க. விளம்பரப் பணம் வரவே 1000 சப்ஸ்கிரைபர், அதோட ஒரு வருஷத்துல 4000 மணி நேர வாட்ச் டைம், இல்லன்னா 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ் வேணும். வீட்ல பேசும்போது அந்த பேக்கரி ஷீட்டையும் மொத சம்பளத்தையும் காட்டுங்க, அப்பாகிட்ட ஃபாலோயர்ஸ் கணக்கு எடுபடாது.