ராஜராஜ சோழனைத் தேடி தஞ்சாவூர் டூர்: கைடை எப்படிப் பிடிக்கிறது, எங்க கூட்டிட்டுப் போகச் சொல்றது

தஞ்சாவூர் போறவங்கள்ல பாதிப் பேர் பெரிய கோயில் வாசல்ல ஒரு செல்ஃபி, நந்திகிட்ட ஒரு செல்ஃபி, உள்ள போயி பெருவுடையாரைக் கும்பிட்டுட்டு ஒரு மணி நேரத்துல வெளிய வந்துடுறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க போறது ராஜராஜனைத் தெரிஞ்சுக்கன்னா அது பத்தாது, ஒரு நல்ல கைடு வேணும், அந்த கைடு கல்வெட்டு பக்கம் கூட்டிட்டுப் போற ஆளா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இந்தக் கோயிலைக் கட்டுனது ராஜராஜன்தான்ங்கிறதே ஒரு காலத்துல ஊருக்குள்ள மறந்து போச்சு. தலபுராணம் வேற ஒரு சோழனைச் சொல்லிச்சு, சிலர் காடுவெட்டிச் சோழன் கட்டுனதுன்னாங்க. 19-ம் நூற்றாண்டு கடைசியில ஹுல்ஷ்னு ஒரு ஜெர்மன்காரர் செவுத்துல இருக்குற கல்வெட்டைப் படியெடுத்துப் படிச்ச பிறகுதான் ராஜராஜன் பேர் திரும்ப வந்துச்சு. அந்த மனுஷனோட பேரையே நமக்குத் திருப்பிக் குடுத்தது அந்தச் செவுருதான், அதைத் திரும்பிக்கூட பாக்காம எப்படி வர்றது சொல்லுங்க.

சரி, கைடு. கோயில் வாசல்லயே வந்து கேப்பாங்க. அரசு குடுத்த அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க, எவ்ளோ நேரம், எவ்ளோ பணம், தமிழ்லயா இங்கிலீஷ்லயா எல்லாம் செருப்பு கழட்டுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. ஒரு மணி நேரம்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, எனக்கு மூணு மணி நேரம் வேணும், அதுக்கு ஏத்த காசு தர்றேன்னு சொன்னா நல்ல கைடு முகம் மலரும், அவசர கைடு அடுத்த கும்பலைப் பாத்துப் போயிடுவாரு, அதுவே ஒரு வடிகட்டல். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, 'நம் அக்கன் குடுத்தனவும்'னு வர்ற கல்வெட்டைக் காட்டுவீங்களா?" உடனே "வாங்க, வடக்குப் பக்கம் இருக்கு"ன்னு கெளம்புனா அவரையே வச்சுக்கங்க.

மாறா, "சார் இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாது"ன்னு ஆரம்பிச்சா கொஞ்சம் உஷார். காலையில ஏழரை மணிக்கு விமானத்துக்கு (கருவறைக்கு மேல எழும்புற அந்தப் பெரிய கோபுரம்தான்) மேற்குப் பக்கம் போயி நின்னு பாருங்க, நிழல் அழகா நீட்டிப் படுத்திருக்கும். உச்சியில இருக்குறது 80 டன் எடையுள்ள ஒரே கல்லு, சாரப்பள்ளத்துலேர்ந்து சாரம் கட்டி ஏத்துனாங்கங்கிறது இன்னொன்னு. சாரம் போட்டு ஏத்துனது நடந்திருக்கலாம், ஆனா அந்தச் சிகரம் பல கல்லைச் சேத்து வச்சதுதான். வடக்குப் பக்கம் விமானத்துல ஒரு தொப்பிக்காரன் உருவம் இருக்கும், வெள்ளைக்காரன் வருவான்னு ராஜராஜனுக்கு அப்பவே தெரியும்னு அதுக்கும் ஒரு கதை வச்சிருப்பாங்க, அது பிற்காலத்துல வந்த வேலைன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கதை சொல்றதுக்காக கைடுமேல கோவப்பட வேணாம், சுற்றுலா வர்றவங்க கேக்குறதே அதைத்தான். 216 அடி விமானத்துக்கு இந்த மாதிரி ஜோடனை எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.

காலையில ஆறரைக்கு உள்ள போயிடுங்க. மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதைவிட முக்கியம், பத்து மணிக்கு மேல அந்தக் கல்தரை தோசைக்கல்லு மாதிரி காயும், சாக்ஸ் ஒரு ஜோடி பையில வச்சுக்கங்க. நுழைவுக் கட்டணம் கெடையாது. முதல்ல வர்ற மராட்டா வாசலைத் தாண்டி கேரளாந்தகன் திருவாசல்ல நில்லுங்க. சேரனை ஜெயிச்சதுக்காக வச்ச பேரு அது, ராஜாவோட வெற்றிகளைப் பாடி கல்வெட்டுக்கு முன்னாடி வர்ற மெய்க்கீர்த்தியில "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி"ன்னு வரும்ல, அந்தப் போரைப் பத்தி இங்கயே வச்சுக் கேட்டுடுங்க. அடுத்தது ராஜராஜன் திருவாசல். ரெண்டு பக்கமும் ஆளைவிட பல மடங்கு ஒசரத்துல துவாரபாலகர் இருப்பாங்க, காலடியில பாருங்க, ஒரு பாம்பு யானையை முழுங்கிட்டிருக்கும். யானை எவ்ளோ பெருசு, அதை முழுங்குற பாம்பு எவ்ளோ பெருசு, அது காலடியில கெடக்குதுன்னா இவர் எவ்ளோ பெருசு, இவரே காவல்காரர்னா உள்ள இருக்குறவர்? கைடுங்க சொல்றதுல எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இதான், இதை மட்டும் எத்தன தடவ வேணும்னாலும் கேப்பேன்.

நந்தி நாயக்கர் காலத்துது, அம்மன் சன்னதி பிற்காலப் பாண்டியர் காலம், முருகன் கோயில் நாயக்கர், பிள்ளையார் சன்னதி மராட்டியர். எது ராஜராஜனோடது எது இல்லன்னு கைடைப் பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க. முருகன் கோயில் செதுக்கு வேலை பிரமாதம்தான், ஆனா டூர் ராஜராஜனுக்கு, நேரம் பாத்துக்கங்க.

இப்ப வடக்குப் பக்கம், சண்டிகேஸ்வரர் சன்னதி பக்கமா வாங்க. விமானத்தோட அதிஷ்டானத்துல, அதாவது அடிப்பீடத்துல, செவுத்துல, வரி வரியா எழுத்து. ஒரு டிரிக் சொல்றேன், மொபைல் டார்ச்சை எழுத்துக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல செவுத்தை ஒட்டின மாதிரி சாய்ச்சு அடிங்க, மங்கலா இருக்குற எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பி நிக்கும். தொடாதீங்க, சாக்பீஸ் தேய்க்கிறதெல்லாம் வேணவே வேணாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ ஏ வித்தியாசம் இருக்காது, "ஸ்வஸ்திஸ்ரீ" மட்டும் கிரந்தத்துல இருக்கும், மத்தபடி கொஞ்ச நேரம் பாத்தா க, த, ப, ம எல்லாம் நம்ம எழுத்துதான்னு புடிபட ஆரம்பிச்சுடும். இங்கதான் அந்த வரி: தஞ்சாவூர்ல "நாம் எடுப்பிச்ச" கற்றளிக்கு (கல்லால கட்டுன கோயில்) "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லுல வெட்டுங்கன்னு சொன்னாராம். தான் குடுத்ததுக்கு அடுத்து அக்கா குந்தவை, அதுக்கப்புறம்தான் பொண்டாட்டிமாரு, கடைசியில ஊர்க்காரங்க. குடும்பத்துல அக்காவோட இடம் என்னன்னு இதுக்கு மேல யாரு சொல்லணும். அவரோட 25-ம் ஆட்சியாண்டு 275-ம் நாள், அதாவது 1010-ல, விமானத்து உச்சிக்குக் கலசம் குடுத்ததும் கல்வெட்டுல இருக்கு.

மத்த கல்வெட்டையும் கேளுங்க. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதுலேர்ந்து தெனம் ஒரு உழக்கு நெய், எந்த இடையர் பொறுப்புன்னு பேரோட இருக்கும். திருச்சுற்று வெளிச்செவுத்துல தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடிப் பாடுன பெண்கள், 400 பேரோட பட்டியல் இருக்கு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தாங்க, எந்தத் தெரு, தெருவுல எந்தச் சிறகு (வரிசை), எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல்லு. கோயிலைக் கட்டின பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும் இருக்கு. ராஜா தன்னை மட்டும் எழுதிக்காம இத்தன பேரை எழுத வச்சிருக்காரு, சம்பளப் பட்டியல் மாதிரி இருக்குறதால சுற்றுலாக்காரங்க தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அதான் அவரோட உண்மையான முகம்னு தோணும்.

ரெண்டு ஏமாற்றத்துக்குத் தயாரா இருங்க. கருவறையைச் சுத்தி இருக்குற சோழர் ஓவியத்தையும், மேல் தளத்துல பாதியில நின்னு போன 81 கரணச் (நடன நிலை) சிற்பத்தையும் பொதுமக்களுக்கு விடுறதில்ல, "நான் உள்ள கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது காசு கேட்டா நம்பாதீங்க. ஓவியத்தை 1931-ல எஸ்.கே. கோவிந்தசாமிங்கிறவர் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில கண்டுபிடிச்சாரு. வளாகத்துக்குள்ளயே இருக்குற விளக்க மையத்துல அதோட படங்கள் இருக்கு, சுந்தரர் வெள்ளை யானையில கயிலாயம் போற காட்சியைத் தேடிப் பாருங்க.

வெளிய வரும்போது ராஜராஜன் சிலை ஏன் கோயிலுக்கு வெளிய ரோட்டோரம் நிக்குதுன்னு கைடைக் கேளுங்க. உள்ள வைக்க மத்திய அரசு அனுமதி குடுக்காததால 1972-ல வெளிய வச்சாங்க, அந்த அரசியல் கதையும் டூர்ல சேந்ததுதான்.

மத்தியானம் சாப்டுட்டு அரண்மனை கலைக்கூடம். அங்க எல்லாத்தையும் பாக்க நெனச்சா கால் வலிதான் மிஞ்சும், திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர்னு ஒரு சிவன் வெண்கலச் சிலை இருக்கு, அதுகிட்ட நேரா போயிடுங்க. ராஜராஜன் ஆட்சியிலயே, 1011-ல வந்த சிலை. காளைமேல கைய சாய்ச்ச மாதிரி நிப்பாரு, காளை இல்ல, கை மட்டும் சும்மா காத்துல சாஞ்சிருக்கும். முடியைப் பாம்போட சுத்தித் தலப்பாகை மாதிரி கட்டியிருப்பாரு, பின்னாடி போயும் பாருங்க.

சாயங்காலம் திருவையாறு. ஐயாறப்பர் கோயில் வளாகத்துல வடகயிலாயம்னு சொல்றது ராஜராஜனோட பட்டத்தரசி ஓலோகமாதேவி கட்டுனது, தளிச்சேரிப் பட்டியல்ல இந்தக் கோயில்லேர்ந்து வந்த பெண்களும் உண்டு, காலையில கேட்டதுக்கு இங்க வந்து ஆள் பாத்த மாதிரி இருக்கும். முடிச்சுட்டு அங்கயே அசோகா அல்வா சாப்டுங்க.

ரெண்டாவது நாள் இருந்தா கும்பகோணம் பக்கம், ஒரு காரோட. பழையாறை சோழர்களோட அரண்மனை இருந்த ஊரு, இப்ப வயலும் சோமநாதர் கோயிலும்தான். பட்டீஸ்வரம் பக்கத்துல ராமநாதன் கோயில்னு சொல்ற சின்னக் கோயில், ராஜராஜன் மனைவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜராஜன் மகன் ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை (இறந்தவங்க நினைவா எடுக்குற கோயில்), சித்தியம்மாவுக்கு மகன் கட்டுனது, ஆள் அரவமே இருக்காது, கைடு இல்லாம போனா தாண்டிப் போயிடுவீங்க. அடுத்து உடையாளூர். இங்க ஒரு லிங்கத்தைக் காட்டி "இதான் ராஜராஜன் சமாதி"ன்னு சொல்லுவாங்க. அது உறுதி ஆகல. உறுதியா இருக்குறது பால்குளத்தம்மன் கோயில் தூண் கல்வெட்டு, முதலாம் குலோத்துங்கன் காலத்துல சிவபாதசேகர தேவர் திருமாளிகையைப் புதுப்பிச்சாங்கன்னு அதுல இருக்கு, சிவபாதசேகரன்ங்கிறது ராஜராஜன் பட்டப்பேரு. அந்தத் தூணைக் காட்டுங்கன்னு கேளுங்க, முடிவை நீங்களே எடுத்துக்கங்க.

ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை பத்தி ஆர்வம் இருந்தா காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயில்ல உடையார்குடிக் கல்வெட்டு இருக்கு, ராஜராஜன் ரெண்டாவது ஆட்சியாண்டுல கொலைகாரங்க சொத்தைப் பறிச்சதைச் சொல்லுது. அது கங்கைகொண்ட சோழபுரம் பக்கம், ரெண்டையும் தனியா ஒரு நாள்ல வச்சுக்கங்க, இதோட திணிக்காதீங்க.

ஐப்பசி சதயம் அவர் பொறந்த நட்சத்திரம், சதய விழா எடுப்பாங்க, ஊரே கலகலன்னு இருக்கும். விழாவுக்குப் போறதுன்னா ரூமை முன்கூட்டியே போட்டுடுங்க, ஆனா அன்னைக்கு கல்வெட்டு படிக்க முடியாது, கூட்டம் தள்ளிட்டே போயிடும், செவுத்துப் பக்கம் நிக்கவே விடாது. படிக்கணும்னா மார்கழி, தை மாசத்துல சபரிமலை கூட்டம் இல்லாத ஒரு வாரநாள் காலையாப் பாத்துப் போங்க.