டால்மேஷியக் கடலில் படகெடுத்து ஒரு வாரம்: திட்டத்திலேயே நேரும் தவறுகள்

குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றப் போகிறோம் என்று நண்பர்கள் யாராவது திட்டத்தை அனுப்பினால், ஒரு நாளைக்கு எத்தனை கடல்மைல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேயே இடிக்கும். சனிக்கிழமை ஸ்பிளிட், ஞாயிறு ஹ்வார், திங்கள் விஸ், செவ்வாய் கோர்ச்சுலா, புதன் ம்லயெட், வியாழன் டுப்ரோவ்னிக், வெள்ளி மாலை மறுபடி ஸ்பிளிட். தீவு, பாறைத்திட்டு எல்லாம் சேர்த்து 1,200க்கும் மேல் இருக்கிற நாடு அது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பக்கம் பக்கமாகத்தான் தெரியும். காரில் போகிற கணக்கைக் கடலிலும் போட்டுவிடுகிறோம்.

நாற்பது அடிப் பாய்மரப் படகு மணிக்கு 5 அல்லது 6 கடல்மைல் போகும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அதாவது சைக்கிளைவிட மெதுவான வேகம். ஸ்பிளிட்டிலிருந்து ஹ்வார் ஊருக்குச் சுமார் 23 கடல்மைல் என்றால் நாலு, நாலரை மணி நேரப் பயணம். தீவுகளைத் தொட்டுக்கொண்டு ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போய்ச்சேர 100 கடல்மைலுக்கு மேல் ஆகும். போய்த் திரும்பினால் 35, 40 மணி நேரமாவது படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீந்துவது எப்போது, ஊரைப் பார்ப்பது எப்போது? டுப்ரோவ்னிக் வேண்டும் என்றால் டுப்ரோவ்னிக்கிலேயே படகெடுங்கள். அங்கிருந்து எலாஃபிட்டித் தீவுகளும் ம்லயெட்டும் பக்கம். ஸ்பிளிட்டில் எடுத்தால் ஷோல்டா, ப்ராச், ஹ்வார், விஸ் இந்த நாலே ஒரு வாரத்துக்குத் தாராளம். கோர்னாட்டித் தீவுகள்தான் ஆசை என்றால் பியோகிராட் அல்லது சுகோஷான் பக்கம் எடுப்பதே சரி. எங்கே படகு ஏறுகிறோம் என்பதில்தான் பாதித் திட்டம் இருக்கிறது. விலை கொஞ்சம் குறைவு என்று ஊரை மாற்றி எடுத்துவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தை டீசலுக்குக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாள் கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. அங்கே வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. ஏழு நாள் என்று எழுதியிருந்தாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும். பொருட்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, மளிகையை ஏற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும். சனி காலை எட்டு, ஒன்பது மணிக்கு மூட்டையோடு இறங்கிவிட வேண்டும். ஆக, வெளியே தங்கக் கிடைப்பது ஐந்து இரவுகள். ஐந்து இரவுக்கு ஐந்து ஊர் என்று எழுதாதீர்கள். மூன்று இடத்தை உறுதி செய்துகொண்டு, மீதி இரண்டைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.

காற்றைக் கேட்காமல் போட்ட திட்டம்

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பதுபோல டால்மேஷியக்காரர்களும் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். கோடையில் நல்ல நாட்களில் வடமேற்கிலிருந்து வருவது மயெஸ்ட்ரால். முற்பகலில் மெல்ல எழும்பி, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வலுத்து, சூரியன் இறங்கும்போது அடங்கும். பாய் விரித்துப் போக இதைவிட நல்ல காற்று இல்லை. காலையில் நீந்திவிட்டு மதியம் பயணம் என்று வைத்துக்கொண்டால் அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

புரா வேறு ரகம். வெலெபிட், மொசோர், பியோகொவோ மலைகளின் மேலிருந்து வடகிழக்குக் காற்று உலர்ந்து, குளிர்ந்து, சரிவில் உருண்டு கடலில் விழும். வானம் பளிச்சென்று இருக்கும். அதனால் ஏமாந்துவிடுவோம். மலை முகட்டில் வெள்ளைத் துணியைப் போர்த்தியதுபோல மேகம் உட்கார்ந்திருந்தால் அதுதான் அடையாளம். குளிர்காலத்தில் மஸ்லெனிட்சா பாலத்தருகே இதன் வீச்சு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பதிவாகியிருக்கிறது. கோடையில் அந்த உக்கிரம் கிடையாது, நீடிப்பதும் குறைவு. ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

மூன்றாவது யூகோ. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று. இது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு மெல்ல வலுக்கும், அலையைப் பெரிதாக்கும். பழைய டுப்ரோவ்னிக் குடியரசில் யூகோ வீசும் நாட்களில் முக்கிய முடிவுகள் எடுக்க மாட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் காற்றில் ஓர் இரவைக் கழித்த பிறகு எனக்கு அதை நம்பத் தோன்றியது.

ஹ்வார் ஊரின் படகுத்துறை தெற்கு பார்த்துத் திறந்தது. நாங்கள் எட்டுப் பேர் மாலை நாலு மணிக்கு அங்கே கட்டினோம். காலையிலிருந்தே வானம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. துணி காயவில்லை, உப்பு டப்பாவில் உப்பு கட்டி தட்டியிருந்தது. சதுக்கத்து விளக்குகளைப் பார்த்த மகிழ்ச்சியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு பதினொரு மணிக்கு அலை உள்ளே வரத் தொடங்கியது. படகின் பின்பக்கம் கல்சுவரை நோக்கிப் போவதும், கயிறு முறுக்கிக்கொண்டு முனகி அதை இழுத்து நிறுத்துவதுமாக இருந்தது. பக்கத்துப் படகோடு உரசாமலிருக்கத் தொங்கவிட்டிருந்த ரப்பர் உருளைகள் நசுங்கி நசுங்கி மேலேறி வந்துவிட்டன. இரண்டிரண்டு பேராக விடியும் வரை உட்கார்ந்து அவற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தோம். கடலுக்கு அந்தப்பக்கம், மூன்று மைல்கூட இல்லாத தூரத்தில், பால்மிஷானா மரீனா என்கிற படகுத்துறை தெற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. அன்று மாலை அரை மணி நேரம் கூடப் பயணம் செய்திருந்தால் தூங்கியிருக்கலாம்.

அதனால் ஒவ்வோர் இரவுக்கும் இரண்டு இடங்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று தெற்குக் காற்றுக்கு மறைவானது, மற்றது வடக்குக் காற்றுக்கு மறைவானது. குரோவேஷிய வானிலை நிறுவனம் கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. காலை காபியோடு அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டுவது யார்?

குரோவேஷியாவில் ஸ்கிப்பர், அதாவது சம்பளத்துக்குப் படகோட்டித் தருபவர், இல்லாமல் படகை மட்டும் எடுக்க வேண்டுமானால், ஓட்டுபவரிடம் அந்நாட்டுக் கடல்துறை அமைச்சகம் ஏற்கும் பட்டியலில் உள்ள சான்றிதழ் இருக்க வேண்டும். கூடவே வானொலிக் கருவியை இயக்கும் சான்றிதழும் வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டுத் துறை வரை வந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சான்றிதழ் கையிலிருந்தாலும் நெரிசலான துறையில் படகைப் பின்னோக்கி ஓட்டிக் கட்டிப் பழகவில்லை என்றால், முதல் முறை ஸ்கிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சுமார் 200 யூரோவை ஒட்டி ஆகும், சாப்பாடும் நம் பொறுப்பு. அவர் படுக்க ஓர் அறையும் ஒதுக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் ஆளைச் சேர்த்துவிடுகிறார்கள். மூன்று அறைப் படகுக்கு எட்டுப் பேர் என்று போட்டிருந்தால், அறைகளில் ஆறு பேர், நடுக்கூடத்து மேசையை மடக்கிப் படுப்பவர்கள் இரண்டு பேர் என்று அர்த்தம். அந்த இருவர் தூங்கும்போது மற்றவர்கள் சமையல் மேடைப் பக்கம் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் எடுப்பது நல்லது. ஆட்டம் குறைவு, இடம் அதிகம், வாடகையும் துறைக் கட்டணமும் கணிசமாகக் கூடும். பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

ஸ்கிப்பர் இருந்தாலும் கட்டும்போது எல்லோருக்கும் வேலை உண்டு. அங்கே பெரும்பாலான துறைகளில் படகு பின்பக்கமாக வந்து சேரும். துறையில் நிற்பவர் தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கயிற்றின் நுனியைத் தூக்கிக் கொடுப்பார். அதைக் கொக்கிக் கழியால் பிடித்து, படகின் ஓரமாகவே கையால் இழுத்துக்கொண்டு அணியம் (படகின் முன்முனை) வரை நடந்து, அங்கே இறுக்கிக் கட்ட வேண்டும். சேறும் சிப்பியும் ஒட்டியிருக்கும், கையைக் கிழித்துவிடும். ஒரு ஜோடி கையுறை வைத்துக்கொள்ளுங்கள். கயிறு நீரில் தளர்வாக இருக்கும்போது எஞ்சினை முடுக்கினால் விசிறியில் சுற்றிக்கொள்ளும், முக்குளிப்பவரைக் கூப்பிட வேண்டியதாகிவிடும். படகுக்கும் சுவருக்கும் நடுவில் கையையோ காலையோ கொடுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பத்து டன் எடையை எந்தக் காலும் தாங்காது.

விசா, மாதம், பணம்

2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. அன்றே யூரோவும் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படகுக்குப் பாதிப் பணம் முன்பதிவின்போதே போய்விடும், மீதி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு என்பதுதான் வழக்கம். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் என்னாகும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கட்டுங்கள். இன்னொன்று, டுப்ரோவ்னிக் வரை வந்தாயிற்றே, அப்படியே மாண்டெனெக்ரோவின் கோட்டோர் வளைகுடாவையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அது ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழையும் விசாவில் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. படகை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தனி அனுமதியும் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை என்பதால் அப்போதே பதிவு செய்துவிடுகிறோம். மே தொடக்கத்தில் அங்கே கடல்நீர் 17, 18 டிகிரிதான் இருக்கும், குதித்தால் மூச்சடைக்கும். தீவுகளில் பல உணவகங்கள் அப்போது திறந்திருக்காது. ஜூலையும் ஆகஸ்டும் நல்ல வெயில், நல்ல கூட்டம், விலையும் உச்சத்தில். முடிந்தால் ஜூன் அல்லது செப்டம்பர். என் மனசுக்கு செப்டம்பர்தான். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

அறிவித்த வாடகைக்கு மேல் என்னென்ன வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பு, சிறு ரப்பர் படகின் எஞ்சின், சுற்றுலா வரி, டீசல், துறைக் கட்டணம், பூங்கா நுழைவுச்சீட்டு எல்லாம் தனித்தனியாக வரும். உச்ச மாதங்களில் ஹ்வார் பக்கம் ஓர் இரவு கட்டி நிற்பதற்கே 100 யூரோவைத் தாண்டிவிடும். வைப்புத்தொகை ஆயிரக்கணக்கான யூரோவில் இருக்கும். கிரெடிட் கார்டில் அந்த அளவு வெளிநாட்டு வரம்பு இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். ஏறும்போது எங்கெங்கே கீறல், எந்தக் கைப்பிடி ஆடுகிறது என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, சரிபார்ப்புத் தாளில் எழுதவும் வையுங்கள்.

படகுக்குள்

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம். படகில் அதை வைக்க இடம் கிடையாது. துணிப்பை என்றால் மடித்துச் செருகிவிடலாம். தண்ணீர்த் தொட்டி 400, 500 லிட்டர்தான். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டே நாளில் காலி. கோர்னாட்டி தேசியப் பூங்காவில் குடிநீர் பிடிக்க வழியில்லை என்பதால் அங்கே போகுமுன் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. வீட்டு மின்சாரம் துறையில் கட்டியிருக்கும்போது மட்டும்தான். மிக்சி, ரைஸ் குக்கரெல்லாம் வீணாகச் சுமக்கிற சுமை. இரண்டு அடுப்புள்ள சின்ன கேஸ் அடுப்பு இருக்கும், ஒரு மூன்று லிட்டர் குக்கரும் பருப்புப் பொடியும் போதும்.

மளிகையை சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். 2023 முதல் அங்கே கடைகள் வருடத்துக்கு 16 ஞாயிறு மட்டுமே திறக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. கோடையில் பல கடைகள் அந்த ஞாயிறுகளைப் பயன்படுத்திக்கொள்ளும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. சைவர்களுக்கு ஒரு சொல்: கறுப்பு ரிசோட்டோ என்றால் கணவாய் மையில் வெந்த சோறு. பிளிட்வா என்று கேளுங்கள், உருளைக்கிழங்கும் கீரையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருவார்கள். அசைவர்கள் பெக்கா சாப்பிடாமல் வராதீர்கள். இரும்பு மூடிக்குள் ஆட்டுக்கறியோ ஆக்டோபஸோ வைத்து, மேலே கங்கு குவித்து வேகவைப்பது. சில மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கொனோபா என்கிற அந்தச் சிறு உணவகங்கள் பலவற்றுக்குச் சொந்த மிதவைகள் உண்டு, சாப்பிடுகிறவர்கள் அதில் இலவசமாகக் கட்டிக்கொள்ளலாம். பெக்காவுக்குச் சொல்லும்போதே மிதவைக்கும் சொல்லிவிட்டால் இரவுத் தங்கலும் முடிந்தது.

பார்க்கும் இடங்களில் இரண்டு ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. பீஷெவோ தீவின் நீலக் குகைக்குள் நம் படகு போகாது, அங்குள்ள சிறு படகில்தான் போக வேண்டும். ஒளி நன்றாக விழுவது பதினொரு மணியை ஒட்டி. தெற்கிலிருந்து அலை அடித்தால் மூடிவிடுவார்கள். க்ர்கா அருவியில், ஸ்க்ராடின்ஸ்கி புக் பகுதியில், 2021 முதல் நீந்தத் தடை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு நீச்சலுடையோடு போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். எஞ்சின் அணைந்திருக்கிறதா, பின்பக்க ஏணி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் குதிக்க விடாதீர்கள். படகின் பக்கவாட்டில் பிடித்து ஏற எதுவும் இருக்காது. நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சரியான அளவில் உயிர்காப்பு உடை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். அங்கே கடல் மீட்புக்கு எண் 195. எல்லார் போனிலும் அது இருக்கட்டும்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ஸ்பிளிட்டையும் ட்ரோகிரையும் சுற்றியுள்ள எல்லாப் படகும் ஒரே மாலையில் திரும்பும். டீசல் பம்பில் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் வரிசையில் மிதக்க வேண்டியிருக்கும். தாமதமானால் அபராதம் உண்டு. வியாழன் இரவை ப்ராச் தீவின் மில்னாவிலோ ஷோல்டாவின் மஸ்லினிட்சாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் பத்துக் கடல்மைல் வாக்கில்தான் மிச்சம். காலையில் கடைசியாக ஒரு முறை நீந்தி, மீந்த ரொட்டியையும் தக்காளியையும் தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பினாலும், கூட்டம் சேரும் முன் பம்புக்குப் போய்விடலாம்.