நடக்கும் ஐரிஸ்: பூத்த காம்பை வெட்டாதீர்கள்

பூ வாடியதும் காம்பை நறுக்குவது ரோஜா வளர்த்துப் பழகிய கை. நடக்கும் ஐரிஸிடம் அந்தப் பழக்கத்தைக் காட்டினால் அடுத்து மலர வேண்டிய மொட்டும் போகும், குட்டிச் செடியும் போகும். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடித் தாழ்வாரங்களுக்கு இவ்வளவு பொருத்தமான பூச்செடியைப் பலர் இப்படித்தான் "பூக்கவே மாட்டேங்குது" என்று கைவிடுகிறார்கள்.

வெள்ளை இதழும் நடுவில் நீலமும் கொண்ட நடக்கும் ஐரிஸின் (தாவரப் பெயர் நியோமாரிக்கா கிராசிலிஸ்) பூக்காம்பு தட்டையாக, இலையைப் போலவே இருக்கும். காய்ந்த இலை என்று நினைத்து வெட்டிவிடுவதும் இதனால்தான். சந்தேகம் வந்தால் அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பாருங்கள். நுனிக்குக் கொஞ்சம் கீழே முடிச்சுப்போல் புடைப்பு தட்டுப்பட்டால் அது காம்பு. அந்த முடிச்சுக்குள் பல மொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். காலையில் விரியும் பூ அந்திக்குள் சுருண்டுவிடும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள். சில நாள் விட்டு அதே முடிச்சிலிருந்து இன்னொன்று வரும். சாமி படத்துக்குப் பறிப்பதானால் பூவை மட்டும் கிள்ளுங்கள், முடிச்சில் கை வைக்காதீர்கள்.

மொட்டுகள் ஓய்ந்ததும் அங்கேயே ஒரு குட்டி, விசிறிபோல் இலை விட்டு முளைக்கும். அதன் பாரத்தில் காம்பு சாய்ந்து மண்ணைத் தொடும், குட்டி வேர்பிடிக்கும். செடி நடப்பது இப்படித்தான். தொட்டியில் அதற்கு நடக்க இடமில்லை, நாம்தான் உதவ வேண்டும். குட்டியின் அடியில் வேர்முனைகள் தெரிந்ததும் பக்கத்தில் 10 செ.மீ. தொட்டி ஒன்றை வைத்து, காம்பை வெட்டாமலே குட்டியை ஈரமண்ணில் உட்காரவைத்துக் கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். 4 முதல் 6 வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் காம்பை வெட்டலாம். வேர் வரும் முன்பே வெட்டினால் தாய்ச்செடி தந்த நீர் நின்றுபோய் குட்டி சுருங்கிவிடும். பிரித்த குட்டி அடுத்த மாதமே பூக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். விசிறியில் 12 இலை சேர்ந்தால்தான் பூக்கும் என்றொரு பேச்சு உண்டு. இயேசுவின் 12 சீடர்களை நினைத்து இதை அப்போஸ்தலர் செடி என்று அழைப்பதும் அதனால்தான். கணக்கு அவ்வளவு கறாராக இருக்காது, ஆனால் இளம் விசிறி பூக்காது என்பது உண்மை.

அடுத்த தவறு ஆழமாக நடுவது. இதன் கிழங்கு மண் மட்டத்தை ஒட்டிப் படுத்து நகரும். அதன் முதுகு மண் மட்டத்தில் லேசாகத் தெரிய வேண்டும். செடி ஆடுகிறதே என்று மண்ணைக் குவித்தால், நம் ஊர் மழையில் இலையும் கிழங்கும் சேரும் கழுத்துப் பகுதி அழுகும். நடு இலையைத் தொட்டதும் கையோடு வந்து, நாற்றமும் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே கிழங்கை வெளியே எடுத்து, உறுதியான வெளிர் சதை தெரியும்வரை சீவி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். பையில் விற்கும் கறுப்பு மண்ணை அப்படியே கொட்டினால் சில மாதத்தில் இறுகிவிடும். 2 பங்கு மண்ணுக்கு 1 பங்கு தேங்காய் நார்த்தூளும் 1 பங்கு பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) கலந்தால் நீர் நிற்காது.

மேல்மண் இறுகாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் டெங்கி. இறுகிய மண்மேல் தேங்கும் நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தொட்டித் தட்டை எடுத்துவிடுவதே நல்லது. வைத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றிய கையோடு தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். விரலை 2 செ.மீ. மண்ணுக்குள் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். டிசம்பர், ஜனவரி மழையில் சாரல் அடிக்கும் தாழ்வாரமானால் பல நாள் ஊற்றவே தேவைப்படாது.

வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பிரேசில் காட்டு மரநிழலில் பிறந்த செடி இது. மேற்குப் பார்த்த தாழ்வாரத்தின் பிற்பகல் வெயிலில் இலைநுனி வெளிறிக் கருகும். அதற்குப் பயந்து வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் இலை மட்டும் நீண்டு தொங்கும். காலை வெயில் 2, 3 மணி நேரம், மற்ற நேரம் நல்ல வெளிச்சம் என்பதே சரி. தொட்டியைச் சுவரோரம் தள்ளிவையுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது விதி, வெளியே நீண்ட காம்பை வருவோர் போவோர் முறித்துவிடவும் கூடும்.

உரம் அதிகமானால் இலைதான் கொழிக்கும். மெதுவாகக் கரையும் குருணை உரம் 3 மாதத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி போதும்.

படத்தில் சுருள் இதழ்களோடு இருக்கும் தாடி ஐரிஸ் கிழங்கை இணையத்தில் வாங்கி ஏமாறாதீர்கள். அதற்குக் குளிர்காலம் வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த குங்குமப்பூவும் அப்படித்தான்.

எறும்பு ஏறி இறங்கினால் விசிறியின் அடியில் இலைகளைச் சற்றே விலக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி அந்த மடிப்பில்தான் ஒளிந்திருக்கும், மேலோட்டமாகத் தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. சோப்புநீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு மடிப்பாகத் துடையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் துடைக்கவேண்டும், தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.