ரோஜாச் செடிக்குக் கவாத்தும் உரமும்: புதிதாக வளர்ப்போருக்கான செய்முறை

நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது அடர்ந்து பூத்திருந்த ரோஜா, ஓர் ஆண்டு கழித்து ஒல்லியாக நெடுநெடுவென வளர்ந்து, உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு சிறு பூக்களோடு நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். உடனே எல்லோரும் உரத்தைத் தேடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் வளரும் பன்னீர் ரோஜா, ஆந்திரா ரோஜா, பட்டன் ரோஜா, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒட்டு ரோஜா ஆகிய அனைத்தும் புதிதாக விடும் துளிரின் நுனியிலேயே மொட்டு வைக்கின்றன. துளிர் வராத செடிக்கு எத்தனை கைப்பிடி உரம் போட்டாலும் பூ வராது. ஆகவே கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து முதலில். உரம் அதன் பிறகு.

1. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரிய கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் ஏற்றது. வெயில் தணிந்திருப்பதால் புதுத் துளிர் கருகாமல் வளரும். இதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது என்பதால், அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் இறங்கிவிடும். கோவை, திண்டுக்கல் போன்ற இடங்களில் அக்டோபரில் மழை விட்ட நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் பெருமழை ஓயும்வரை, டிசம்பர் நடுப்பகுதிவரைகூடக் காத்திருப்பதே நல்லது. மலைப்பகுதியின் கணக்கு வேறு: 1995இல் தொடங்கப்பட்ட உதகை அரசு ரோஜாப் பூங்காவில், கோடைக் காலத்தில் வருவோருக்குப் பூக்கள் காத்திருக்கும்படி குளிர்காலத்திலேயே செடிகளை வெட்டிவிடுகிறார்கள். குளிரில் துளிர் மெதுவாக வளர்வதால் அங்கே கூடுதல் நாள் தேவைப்படுகிறது.

செடி நட்டு ஓராண்டு ஆகவில்லையென்றால் பெரிய கவாத்து வேண்டாம். காய்ந்த குச்சிகளையும் வாடிய பூக்களையும் நீக்கினால் போதும்.

2. கத்தரியைத் தயார் செய்தல்

கூர்மையான கவாத்துக் கத்தரி ஒன்றும், முள் தைக்காத தடித்த கையுறையும் போதும். மழுங்கிய கத்தரி கிளையை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்துதான், கிளை நுனியிலிருந்து காய்ந்து கீழிறங்கும் நுனிக்கருகல் நோய் தொடங்கும். வெட்டத் தொடங்கும் முன்பும், ஒரு செடியை முடித்து அடுத்ததற்குச் செல்லும் முன்பும் கத்தரியின் வாயை டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு முதல் நாள் செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவைப்பது நல்லது.

3. வெட்டுதல்

முதலில் காய்ந்தவை, நோய் தாக்கியவை, பென்சில் தடிமன்கூட இல்லாத மெலிந்தவை ஆகிய கிளைகளை அடியோடு நீக்க வேண்டும். (பட்டன் ரோஜாவுக்குக் கிளைகளே மெலிவாகத்தான் இருக்கும், அதற்கு இந்தத் தடிமன் கணக்கு பொருந்தாது.) அடுத்ததாக, செடியின் நடுவை நோக்கி வளர்ந்தவற்றையும், ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பவற்றில் பலவீனமானதையும் எடுத்துவிட வேண்டும். நடுப்பகுதி திறந்திருந்தால் வெயிலும் காற்றும் உள்ளே புகும். இலையைத் தாக்கும் கரும்புள்ளி நோயும் சாம்பல் நோயும் குறையும்.

அடிப்பகுதியை ஒருமுறை குனிந்து பார்ப்பதும் அவசியம். ஒட்டு ரோஜாவில் தண்டு சற்றுப் புடைத்திருக்கும் இடமே ஒட்டுக் கட்டிய இடம். அதற்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் குச்சி, நாம் வாங்கிய ரோஜாவுடையது அன்று. அது, நல்ல ரோஜாவை ஒட்டுவதற்காக அடியில் வைத்த வேறு வகைச் செடியின், அதாவது வேர்ச்செடியின் கிளை. அதை விட்டுவைத்தால் சத்து முழுவதையும் அது இழுத்துக்கொள்ள, மேலே உள்ள நல்ல ரோஜா மெல்ல மடிந்துபோகும். ‘சிவப்பு ரோஜா வாங்கினேன், இப்போது வேறு ஏதோ பூக்கிறது’ என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். மண்ணைச் சற்று விலக்கி, அக்கிளை புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கும்.

இப்போது எஞ்சியிருப்பவை நான்கைந்து நல்ல கிளைகள். இவற்றைப் பாதி உயரத்துக்குக் குறைக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் கவனம் தேவை. ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் கணுவில், கடுகளவில் சிவந்த புடைப்பு ஒன்று தெரியும். அடுத்த துளிர் புறப்படும் இடம் அதுதான். செடியின் வெளிப்பக்கம் நோக்கிய புடைப்பாகப் பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, புடைப்பின் எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். நீர் அதன்மேல் வடியாமல் பின்பக்கம் வழிந்துவிடும். மிக நெருக்கமாக வெட்டினால் துளிர் உலரும். நெடுந்தூரம் விட்டு வெட்டினால் மேலே நிற்கும் குச்சி காய்ந்து, அந்தக் கருகல் கீழே இறங்கும்.

வெட்டிய முகத்தைப் பாருங்கள். கிளையின் நடுவிலுள்ள மென்மையான சோறு வெளுத்தோ இளம்பச்சையாகவோ இருந்தால் கிளை நலமாக இருக்கிறது. பழுப்பாக இருந்தால் வெண்மை தெரியும்வரை கணு கணுவாகக் கீழிறங்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். ‘ஐயோ, இவ்வளவு வெட்டுகிறோமே’ என்ற இரக்கம் இங்கே உதவாது.

4. வெட்டுவாயைப் பூசுதல்

100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு இரண்டையும் தலா அரை லிட்டர் நீரில் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரங்களில் கரைத்துச் சேர்த்தால், வெட்டுவாயில் பூஞ்சணம் இறங்காமல் தடுக்கும் போர்டோ பசை கிடைக்கும். நான்கு தொட்டி வைத்திருப்பவர் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. உரக்கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளைச் சிறிது நீரில் குழைத்துத் தூரிகையால் தடவினால் போதும். மஞ்சள்தூள் குழைத்துத் தடவுவோரும் உண்டு. மழையில் கரைந்துவிடும் என்பதே அதன் குறை. வெட்டிய குச்சிகளையும் உதிர்ந்த இலைகளையும் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். நோயுள்ள இலையை உரக்குழியில் போடக் கூடாது.

5. உரமிடுதல்

வெட்டிய செடியில் இலை மிகக் குறைவு. இலை குறைந்த செடி நீரையும் சத்தையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே வெட்டிய அன்று மண்ணை மேலாகக் கிளறி, தொழுவுரமோ மண்புழு உரமோ மட்டும் இட்டு, அளவாகத் தண்ணீர் விட வேண்டும். 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சரியான அளவு. இரசாயன உரத்துக்கு, துளிர்கள் இரண்டு அங்குலம் வளரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நிலத்தில் நட்ட செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாக உள்ளது: அக்டோபர் கவாத்துக்குப் பின் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும், செடிக்கு 10 கிலோ தொழுவுரத்துடன், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல் சத்து 12 கிராம். கடைக்கணக்கில் இது ஏறக்குறைய 13 கிராம் யூரியா, 75 கிராம் சூப்பர் பாஸ்பேட், 20 கிராம் பொட்டாஷ். தழைச்சத்து மற்ற இரண்டில் பாதியே இருப்பதைக் கவனியுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், பூ வராது. உரத்தைத் தண்டை ஒட்டிப் போடாமல் அரையடி தள்ளி வட்டமாக இட்டு, மண்ணால் மூடித் தண்ணீர் விட வேண்டும்.

தொட்டிச் செடிக்கு இந்த அளவு மிக அதிகம். இம்மூன்று சத்துகளும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, ஈரமாக இருக்கும் மண்ணில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். இயற்கை முறையை விரும்புவோர் 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து விடலாம். முட்டை ஓடு மக்குவதற்கு நெடுங்காலம் ஆகும் என்பதால் அதை நம்பி மற்ற உரத்தை நிறுத்த வேண்டாம். டீத்தூளைப் போடுவதாக இருந்தால் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிக் காயவைத்தே போட வேண்டும். இல்லையேல் எறும்பு வரும், எறும்பின் துணையோடு மாவுப்பூச்சியும் வரும்.

போர்வெல் தண்ணீர் விடும் வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அது இரும்புச்சத்துக் குறை. உப்புநீரால் மண் காரத்தன்மை அடைந்து, மண்ணிலுள்ள இரும்பை வேர் எடுக்க முடியாத நிலை அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் இலை பசுமைக்குத் திரும்பும்.

6. பூத்த பிறகு

நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் படும் இடமாக இருந்தால், கவாத்து செய்து ஆறேழு வாரங்களில் முதல் பூக்கள் விரியும். வாடிய பூவைக் காம்போடு மட்டும் கிள்ளாமல், அதன் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைவரை இறங்கி, அந்த இலைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அந்தக் கணுவிலிருந்து வரும் துளிர் அடுத்த பூவைத் தாங்கும் தடிமனோடு வரும். சில துளிர்கள் மொட்டு வைக்காமல் நுனி அடைத்து நின்றுவிடும். அவற்றையும் இதே போல ஐந்திலைக்கு மேல் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சிறு வெட்டுகளோடு நிறுத்திக்கொண்டு, இரசாயன உரத்தைத் தவிர்த்து, தொட்டி மண்ணின்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ மூடாக்காகப் போட்டு, காலையில் தண்ணீர் விட்டு வந்தால் போதும்.