மகரந்தப் பருவத்துக்கு முன்பே மூக்கைக் கவனியுங்கள்

மகரந்தம் பறக்கத் தொடங்கிவிட்டால் எனக்குக் காலையில் அடுக்குத் தும்மல், மேலண்ணத்தில் அரிப்பு, கண்ணில் ஓயாத நீர். இதற்குச் சீன மருத்துவத்தை நான் நாடுவதற்கு முக்கியக் காரணம், பருவம் வரும் முன்பே அது வேலையைத் தொடங்குகிறது என்பதுதான். உடம்பின் மேற்பரப்பைக் காக்கும் ‘வெய் ச்சி’ தளர்ந்தால் ‘காற்று’ உள்ளே புகுந்து மூக்கைத் தாக்கும் என்பது அதன் கணக்கு. அதனால் முன்கூட்டியே உடம்பைத் தேற்று, பருவம் வந்தபின் மூக்கைத் திற என்று இரண்டு கட்டமாகப் பார்க்கிறார்கள்.

செலவில்லாத வழி விரலால் அழுத்துவது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; வெளியே போய் வந்த கையில் மகரந்தம் இருக்கும். மூக்குச் சிறகை ஒட்டி, வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பில் ‘யிங்ஷியாங்’ புள்ளி இருக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரலாலும் இருபக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தி, சின்ன வட்டமாக ஒரு நிமிடம் தேயுங்கள். லேசாக வலிக்கலாம், தோல் சிவக்கும் அளவுக்கு வேண்டாம். அப்புறம் புருவங்களுக்கு நடுவே ‘யின்தாங்’. கடைசியாக ‘ஹெகு’: கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி வைத்தால் புறங்கையில் தசை புடைக்கும் இடம். கர்ப்பிணிகள் ஹெகுவைத் தொட வேண்டாம் என்பது மரபான எச்சரிக்கை. அடைப்பு அதிகமாக இருக்கும் காலையிலும், படுக்கப்போகும் முன்பும் நான் இதைச் செய்வேன். அடைப்பு கொஞ்சம் இளகும். அந்தக் கொஞ்சமே தூங்கப் போதும்.

அக்குபங்சர் எனப்படும், புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சைக்குப் போக நினைத்தால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 422 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. எட்டு வாரத்தில் 12 முறை ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு, ஒப்பீட்டுக்காகப் போலியாக ஊசி குத்தப்பட்டவர்களைவிட அறிகுறிகள் குறைந்தன. ஒவ்வாமை மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் வித்தியாசம் பெரிதல்ல, பதினாறாவது வாரத்தில் அதுவும் காணாமல் போனது. பருவத்தின் உச்சத்தைக் கடக்க உதவும் துணை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். உரிமம் பெற்றவரா, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

மூலிகைதான் நிதானம் தேவைப்படும் இடம். முன்கட்டத்துக்குப் பெயர்பெற்றது ‘யூ பிங் ஃபெங் சான்’. ஹுவாங் ச்சி, பாய் ஜு, ஃபாங் ஃபெங் என்ற மூன்றே சரக்கு. பருவத்துக்குச் சில வாரம் முன்பு தொடங்குவார்கள். காய்ச்சலோ சளியோ பிடித்திருக்கும்போது பொதுவாகத் தரமாட்டார்கள். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

மூக்கைத் திறக்கத் தரும் கலவைகளில் ‘ட்சாங் அர் ட்சு’ என்ற காய் சேரும். முறையாக வறுத்துப் பக்குவம் செய்யாவிட்டால் அது ஈரலைக் கெடுக்கும் விஷம். ‘ஷின் யி’ என்பது மக்னோலியா மொட்டு. ‘ஷி ஷின்’ வேறு செடி, சிறுநீரகத்துக்குக் கேடான அரிஸ்டோலோகிக் அமிலம் அதில் இருக்கக்கூடும். பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது இணையத்தில் பொட்டலம் வாங்கி நீங்களே காய்ச்சுவது ஆபத்து. ‘மா ஹுவாங்’ என்ற மூலிகை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதன் எஃபெட்ரின் சேர்ந்த ஊட்டத் துணைப்பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடைசெய்தது.

கண் அரிப்புக்குச் செவ்வந்திப்பூ டீ நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதைக் குடிக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், ஒவ்வாமை கூடலாம்.

டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயையும் இன்ஹேலரையும் இதற்காக நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மூலிகைகளின் பெயரை எழுதி அவரிடம் காட்டுங்கள். மூச்சு இளைத்தாலோ, உதடோ நாக்கோ வீங்கினாலோ புள்ளியை அழுத்திக்கொண்டு உட்காராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.