33550336: ஒரு பெரிய எண்ணை வகைப்படுத்துவது எப்படி?

எட்டு இலக்கங்கள் கொண்ட 33550336 என்ற எண் எந்தெந்த வகைகளில் அடங்கும் என்பதைத் தாளும் பேனாவும் மட்டுமே கொண்டு கண்டறிவோம். வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதற்கே முதலிடம் தர வேண்டும். மற்ற பண்புகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிப்பிலிருந்தே கிடைத்துவிடும்.

படி 1: 2ஆல் வகுத்தல்

கடைசி இலக்கம் 6 என்பதால் இது இரட்டை எண். மீண்டும் மீண்டும் பாதியாக்கினால் 16775168, 8387584, 4193792 எனக் குறைந்துகொண்டே வந்து, 12ஆவது முறை 8191 என்ற ஒற்றை எண் கிடைக்கும். ஆகவே, 33550336 = 2¹² × 8191.

படி 2: 8191 பகா எண்தானா?

இந்தப் படியில் அவசரம் கூடாது. 8191இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 90.5 என்பதால், 89 வரையுள்ள 24 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஆனால் இதைவிடக் குறுகிய வழி ஒன்று இருக்கிறது. 8191 என்பது 2¹³ − 1. அடுக்கிலுள்ள 13 பகா எண்ணாக இருப்பதால், 8191ஐ வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணையும் 26ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து பெறப்படும் முடிவு. அந்த எல்லைக்குள் அப்படிப்பட்ட எண்கள் 27, 53, 79 ஆகியவையே. அவற்றில் 27 பகு எண். 53ஆல் வகுத்தால் மீதி 29, 79ஆல் வகுத்தால் மீதி 54. எனவே 8191 பகா எண்ணே. இருபத்து நான்கு வகுத்தல்கள் இரண்டாகச் சுருங்கும் இந்த இடம்தான் இக்கணக்கின் அழகு என்பேன்.

படி 3: வகுத்திகள்

ஒவ்வோர் அடுக்குடனும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால், (12 + 1) × (1 + 1) = 26 வகுத்திகள். இந்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பதால் நம் எண் முழு வர்க்கம் அன்று.

படி 4: வகுத்திகளின் கூடுதல்

1 + 2 + 4 + … + 4096 = 8191; இதை (1 + 8191) ஆல் பெருக்கினால் 67100672 வரும். அதிலிருந்து எண்ணையே கழித்தால் எஞ்சுவது மீண்டும் 33550336! தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடக் குறைந்தால் குறைவெண், மிகுந்தால் மிகையெண், சரியாக ஒத்திருந்தால் செவ்விய எண். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்து வரும் ஐந்தாவது செவ்விய எண் இது. 2ⁿ − 1 பகா எண்ணாக இருந்தால் 2ⁿ⁻¹ × (2ⁿ − 1) செவ்விய எண்ணாகும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைச் செவ்விய எண்கள் அனைத்தும் இவ்வடிவிலேயே அமையும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார்.

படி 5: பிற வடிவங்கள்

8191 × 8192 ÷ 2 என்றும் எழுதலாம் என்பதால், இது 1 முதல் 8191 வரையுள்ள எண்களின் கூடுதலாகிய முக்கோண எண். இரும முறையில் பதின்மூன்று 1களும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு 0களும் வரும்.

பயிற்சிக்கு 2096128ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 2¹⁰ × (2¹¹ − 1) என்ற அதே வடிவில்தான் இருக்கிறது; ஆனால் 2047 = 23 × 89 என்பதால் அது பகு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் 2325392 ஆகிவிடுவதால், 2096128 ஒரு மிகையெண்.